பல் வெள்ளையாக இருக்கும்வரை

ஞாயிறு விடியலில் ஆலையிலிருந்து வந்தபோது
கோப்பி மல்லாந்து கிடந்தது,
எட்டுக் கால்களும்,
இல்லை, ஏழேகால் கால்களும்
கூரையைப் பார்த்தபடி.

செத்துப்போச்சு என்றாள் கோகிலவாணி.
டப்பாவோடு குப்பைத் தொட்டிவரை போய்விட்டாள்.
செத்த சிலந்தி கால்களை உள்ளே மடக்கிக் குப்புறக் கிடக்கும்,
மல்லாந்து கிடந்தால் சட்டை கழற்றுகிறது,
தொடாதே என்று
பிடுங்கி வைத்தேன்.

இதை எனக்குச் சொன்னவன் நஸ்ரின்.
பஹாவ் பாசார் மாலாமில்
துரியானுக்கும் கைப்பேசி உறைகளுக்கும் நடுவே
டரான்டுலா குஞ்சுகளை
மருந்துச் சீசாக்களில் அடுக்கி விற்பவன்.
பேச்செல்லாம் மலாயில்,
'அண்ணே' மட்டும் தமிழில்.
கால் ஒன்று போனது, அண்ணே,
பாதி விலைக்கு எடுத்துக்கோ,
அடுத்த சட்டையில் முளைத்துவிடும் என்றான்.
பதினைந்து ரிங்கிட்.
பெர்க்கேசோ கொடுத்த விரல்காசில்
எனக்கென்று நான் வாங்கியது அது ஒன்றுதான்.

முதுகு, மூடிபோல் திறந்தது.
உள்ளிருந்து அது தன்னைத் தானே
உருவி எடுத்துக்கொண்டது,
ஈரக் கையுறையிலிருந்து விரல்களை உருவுவதுபோல்.
(இந்த உவமையை நான் தேடிப் போகவில்லை.)
வெளியே வந்தது கோப்பி நிறமே இல்லை,
தேங்காய்ப்பால்.
பல்லும் வெள்ளை.

அப்போதுதான் பார்த்தேன்
மூலையில் மீசை ஆட்டிக்கொண்டு ஒரு பாச்சை.
வெள்ளியன்று நான் போட்டது, தின்னப்படாதது.
இந்த வாரம் கணக்குத் தலைகீழ்:
பாச்சை கடித்தால் சிலந்திதான் தீனி.
ஆள்காட்டி விரல் பாதியில் நிற்கும் கையால்
இடுக்கியைப் பிடிக்க
கட்டைவிரலும் நடுவிரலும் புதிதாகச் சம்பந்தம் பேசவேண்டும்.
நாலு முறை நழுவியது.
செம்பனைக் கொட்டை ஓட்டுக்குள் புகுந்துகொண்டது.
ஓட்டோடு சேர்த்துத் தூக்கி
வாசலில் உதறினேன்.
பக்கத்து வீட்டுக் கோழி
நன்றி சொல்லாமல் விழுங்கியது.

பிறகு வேலையே இல்லை,
அதுதான் வேலை.
ஊட்டக்கூடாது. எடுக்கக்கூடாது. ஊதக்கூடாது.
புட்டி மூடியில் தண்ணீர்,
ஓரத்து மண்ணில் ஊசிக்குழாயால் நாலு சொட்டு.
ஐந்து மணிக்குக் குலை லாரிகள் போகும்போது
வீடே இருமும்,
அதனால் டப்பாவுக்கு அடியில்
என் பழைய கைலியை நாலாய் மடித்து வைத்தேன்.

திங்கள் இரவு மண்டோர் செல்வதுரை
நிறுவைப் பாலத்துக்கே வந்துவிட்டார்.
புண் ஆறிடுச்சில்ல,
மறுபடி பிழிபொறிக்கே வந்துடு,
அங்க ஆள் பத்தல.
ஆறித்தான் இருந்தது. மேலே தோல்
இளஞ்சிவப்பாக, பளபளவென்று.
கம்பி பட்டால் மட்டும் உச்சந்தலைவரை ஏறும்.
அடுத்த வாரம் சொல்றேன் என்றேன்.
அவர் லாரி எடையைப் பார்த்துக்கொண்டே
ம் என்றார்.

புதன் மதியம் தூக்கத்தில் கைப்பேசி அதிர்ந்தது.
அடுத்த அறையிலிருந்து
கோகிலவாணி படம் அனுப்பியிருந்தாள்,
டார்ச் வெளிச்சத்தில், கலங்கலாக.
கீழே எழுதியிருந்தாள்:
பல்லு செவந்திருக்கு. கறுக்கல.
நீங்க எழுந்து அவசரப்பட்டு எதையும் போட்டுடாதீங்க.

ஞாயிறன்று கறுத்தது.
பாச்சையின் ஒரு தொடையை மட்டும் கிள்ளிப்போட்டோம்.
கோப்பி அசையவில்லை,
அசையவில்லை,
அப்புறம் தொடை அங்கே இல்லை.
எட்டாவது கால் முளைத்துத்தான் இருந்தது,
குட்டையாக, வெளிறி,
யாரோ இரவல் கொடுத்ததுபோல்.
நடக்கும்போது அதை ஊன்றியும் ஊன்றாமலும் வைக்கிறது.

உதிர்ந்த சட்டையை
மூக்குத்தி எடுப்பதுபோல் எடுத்து
கோகிலவாணி
பெர்க்கேசோ கடிதங்கள் இருக்கும் பிஸ்கட் டின்னில் வைத்தாள்.
ஏழேகால் கால்களோடு
இப்போதும் அங்கேதான் இருக்கிறது.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
செல்வதுரைக்கு இன்னும் பதில் சொல்லவுமில்லை.